அஜின்கோர்ட் மிஷன் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய அஜின்கோர்ட் போரை, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டின் எடிட்டரில் சொந்தமாகக் கட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். 2000-இல் வந்த தி கான்கரர்ஸ் தொகுப்பிலேயே அஜின்கோர்ட் மிஷன் ஒன்று உண்டு. அதை நாலு தடவை முடித்தபின், ‘நானாக இருந்தால் இப்படி வைத்திருப்பேன்’ என்று கை அரிக்கும். எனக்கும் அரித்தது. மேப் வரைய இரண்டு நாள்தான் ஆனது. அது ஒழுங்காக ஓட மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் மிஷன் என்னை எப்படியெல்லாம் படுத்தியது, எதற்கு எது மருந்து என்பதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். எல்லாம் ஆட்டத்தின் புதுப்பித்த பதிப்பான டெஃபினிடிவ் எடிஷனை வைத்துச் சொல்வது. உங்கள் கோளாறு எதுவோ நேராக அங்கே போய்விடலாம். போகும் முன் ஒன்று: எனக்கு வந்த கோளாறுகளில் பாதி ட்ரிகரில் (‘இது நடந்தால்’ என்ற கண்டிஷனும் ‘அது நடக்கட்டும்’ என்ற எஃபெக்டும் சேர்ந்த கட்டளையில்) இல்லை. 1415 அக்டோபர் 25 அன்று அந்த வயலில் நடந்தது ஒன்று, நான் மேப்பில் வைத்தது வேறொன்று. அங்கேதான் உதைத்தது.

அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கி ஹார்ஃப்ளூரை முற்றுகையிட்டார். செப்டம்பர் 22-இல் ஊர் பணிந்தது, ஆனால் அதற்குள் சீதபேதி அவர் படையை நன்றாகக் கரைத்திருந்தது. அக்டோபர் 8-இல், ஆங்கிலேயர் வசமிருந்த துறைமுகமான கலே நோக்கிக் கிளம்பினார். சோம் ஆற்றுத் துறைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் காத்து நின்றதால், ஆற்றை ஒட்டியே மேலே மேலே நடந்து 19-ஆம் தேதிதான் கடக்க முடிந்தது. கடந்து வடக்கே போனால், கலேவுக்குச் சில நாள் நடை இருக்கும்போது பெரும்படை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் புதிதாக உழுத வயல், ராத்திரி முழுக்க மழை. இவ்வளவும் மேப்பில் இருக்க வேண்டும்.

மிஷன் தொடங்கிய நொடியே ‘வெற்றி’ என்று வந்துவிடுகிறது

பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு மேப்பில் ஆளே இல்லை என்று அர்த்தம். நான் அவர்கள் படையை முழுக்க ட்ரிகர் வழியாகப் பிறகு உருவாக்கலாம் என்று விட்டிருந்தேன். ஆட்டம் தொடங்கும்போது கையில் ஒரு யூனிட்டும் ஒரு கட்டடமும் இல்லாதவரைத் தோற்றவராகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். மேப்பின் மூலையில், யாரும் போக முடியாதபடி மரம் சூழ்ந்த இடத்தில், அவருக்கு ஒரு ஆளை நிறுத்திவிடுங்கள். அப்புறம் குளோபல் விக்டரி பக்கத்தில் கஸ்டம் என்று மாற்றி, வெற்றி தோல்வியை ட்ரிகரிடமே விட்டுவிடுங்கள்.

ஹென்றி செத்தாலும் ஆட்டம் ஓடுகிறது

ஹென்றியை இரண்டடி தள்ளி வைக்க நினைத்து, அழித்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பீர்கள். டெஸ்ட்ராய் ஆப்ஜெக்ட் கண்டிஷன் ‘ஹென்றி’ என்ற பெயரைப் பார்ப்பதில்லை. அந்த யூனிட்டின் எண்ணைப் பார்க்கிறது. அழித்து வைத்தவருக்குப் புது எண். ட்ரிகர் இன்னும் பழைய ஹென்றியையே தேடிக்கொண்டிருக்கிறது. கண்டிஷனைத் திறந்து, யூனிட்டைத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இனிமேல் இடம் மாற்ற வேண்டுமென்றால் அழிக்காமல் நகர்த்துங்கள்.

கூடவே இன்னொன்று. ஹென்றிக்கு ‘கிங்’ யூனிட்டை வைக்காதீர்கள். ஆயுதம் தூக்காத ஆள் அது. உண்மையான ஹென்றி குதிரையை விட்டு இறங்கிக் கால்வீரர்களோடு நின்று சண்டை போட்டவர். தலைக்கவசத்தில் விழுந்த அடியில் கிரீடத்தின் ஒரு துண்டே தெறித்தது என்பார்கள். வாள் ஏந்திய கால்வீரனான ஒரு சாம்பியனை எடுத்து, பெயரை மாற்றும் எஃபெக்டால் ஹென்றி என்று வைத்து, உயிர்ப்புள்ளியைக் கூட்டிவிடுங்கள். முன்வரிசையில் நிற்கும் ராஜாவைக் காப்பாற்றுவதில்தான் மிஷனின் பரபரப்பே இருக்கிறது.

பிரெஞ்சுப் படை அசையவே மாட்டேன் என்கிறது, அல்லது சொல்வதற்கு முன்பே பாய்கிறது

இதற்குத்தான் எனக்கு ஒரு வாரம் போனது. இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு முகம்.

முதலில் பாய்ச்சலைப் பார்ப்போம். பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு வழக்கமான ஏஐ (கம்ப்யூட்டரே ஆட்களை நடத்தும் நிரல்) போட்டிருந்தால், படைவீரர்களை அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். நீங்கள் டாஸ்க் ஆப்ஜெக்டில் ‘இங்கே நில்’ என்று சொன்னதை அது மதிக்காது. ஏஐ பட்டியலில் இம்மொபைல் யூனிட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் காலியான ஏஐ கோப்பு ஒன்றைக் கொடுத்துச் சமாளிப்பார்கள், வேலை அதேதான். அதன்பிறகும் இரண்டொருவர் தனியாகக் கழன்று வந்தால், தொடக்கத்திலேயே ஸ்டான்ஸை மாற்றும் எஃபெக்ட் ஒன்றைப் போட்டு எல்லாரையும் ‘இடத்தை விட்டு நகராதே’ நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இனி அசையாத படை. ஐந்து நிமிட டைமர் வைத்து, முடிந்ததும் பிரெஞ்சுக் குதிரைகள் பாயட்டும் என்று நான் எழுதியிருந்தேன். சோதித்துப் பார்க்க அக்கா மகனிடம் கொடுத்தேன். பையன் ஹென்றியைக் கொண்டுபோய்க் காட்டு மூலையில் ஒளித்துவைத்தான். வில்லாளிகளை மேப்பின் அடியில் வரிசையாக நிறுத்தினான். குதிரைகள் எல்லாம் வந்து, நான் சொன்ன இடத்தில் ஆள் இல்லாமல் நின்றன. அவனும் நின்றான். இருபது நிமிடம் கழித்து, “மாமா, இது போரா, பஸ் ஸ்டாண்டா?” என்றான்.

கேள்வி நியாயமானது. விடை களத்திலேயே இருந்தது. அன்று காலை பிரெஞ்சுக்காரர்கள் பாயவில்லை. இரண்டு படையும் மணிக்கணக்கில் முகம் பார்த்துக்கொண்டு நின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவசரம் கிடையாது, அவர்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. பசியும் நோயுமாக இருந்த ஹென்றிக்குத்தான் நேரம் எதிரி. அதனால் அவர்தான் முதலில் நகர்ந்தார். வில் எட்டும் தூரம் வரை படையை முன்னே கொண்டுபோய், குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த கூர்முனைக் கழிகளைப் பிடுங்கி அங்கே திரும்ப நட்டு, அம்பு விட்டுச் சீண்டினார். அப்புறம்தான் குதிரைகள் கிளம்பின.

ஆக, டைமரைத் தூக்கி எறியுங்கள். பிரெஞ்சு வரிசைக்கு முன்னால், பதினாலு பதினைந்து கட்டம் தள்ளி, வயலின் குறுக்கே ஒரு ஏரியா வரையுங்கள். ஆப்ஜெக்ட்ஸ் இன் ஏரியா கண்டிஷனில் இருபது ஆங்கில வில்லாளிகள் அதற்குள் வந்தால் ட்ரிகர் எழும்பட்டும். எழும்பியதும் ஸ்டான்ஸ் ‘தாக்கு’ என்று மாறி, பக்கவாட்டுக் குதிரைகள் பாயட்டும். அதிலிருந்து இன்னொரு ட்ரிகர், இருபது விநாடி கழித்து, கால்படையை நகர்த்தட்டும். டைமர் கண்டிஷன் ஆட்டத் தொடக்கத்திலிருந்து எண்ணாது, அந்த ட்ரிகர் உயிர்பெற்ற நேரத்திலிருந்துதான் எண்ணும். அதனால் இரண்டாவது ட்ரிகரை முதலில் அணைத்து வைத்து, ஆக்டிவேட் ட்ரிகரால் எழுப்புங்கள்.

விளையாடுகிறவன் நகராமலே இருந்தால்? அதற்கு நேரம்தான் மருந்து. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரெஞ்சுப் பக்கம் பத்து ஆட்கள் கூடட்டும். அக்கா மகன் இரண்டாவது தடவை நாலு நிமிடத்தில் நகர்ந்துவிட்டான்.

வில்லாளிகள் ஒரு நிமிடத்தில் காலி

வில்லின் வீச்சு குறைவாக இருந்தால் முதலில் அடிப்படையைப் பாருங்கள். நாகரிகம் பிரிட்டன்ஸ்தானா (ஆட்டத்தில் ஆங்கிலேயர்), தொடக்கக் காலம் எல்லா மேம்பாடும் முடிந்த போஸ்ட்-இம்பீரியல்தானா? காலத்தை டார்க் ஏஜிலேயே விட்டிருந்தால் கொல்லன் பட்டறை மேம்பாடுகளும் கிடைக்காது, பிரிட்டன்ஸின் வீச்சுச் சலுகையும் கிடைக்காது. எல்லாம் சேர்ந்த எலைட் லாங்போமேன் (பிரிட்டன்ஸின் நெடுவில் வீரன்) பன்னிரண்டு கட்டம் எட்டி அடிப்பான்.

அது சரியாக இருந்தும் குதிரைகள் உள்ளே புகுந்து துவம்சம் செய்கின்றன என்றால், கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரெஞ்சுப் படை என்றதும் நாம் எல்லாரும் செய்வது ஒன்றே: ஃபிராங்க்ஸ் நாகரிகம் (ஆட்டத்தில் பிரெஞ்சுக்காரர்), அதன் கனத்த கவசக் குதிரை வீரனான பாலடின், வரிசை வரிசையாக. ஃபிராங்க்ஸ் பாலடினுக்கு உயிர் 192. அம்பைத் தடுக்கும் கவசம் எல்லா மேம்பாடும் சேர்ந்து 7. லாங்போமேன் அம்பின் பலம் 11. ஓர் அம்புக்கு 4 தான் இறங்குகிறது. ஒரு பாலடின் விழ 48 அம்பு வேண்டும். சாம்பியனுக்கு உயிர் 70, கவசம் 5. அம்புக்கு 6 இறங்கும், 12 அம்பில் ஆள் விழுவான்.

இப்போது அன்றைய களத்தைப் பாருங்கள். பக்கத்துக்குச் சில நூறு பேர்தான் குதிரையில் பாய்ந்தார்கள். பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி, பிரபுக்கள் உட்பட, இறங்கி நடந்துதான் வந்தது. தளபதி சார்ல்ஸ் தால்ப்ரே அங்கேயே விழுந்தார். நான் அறுபது பாலடின் வைத்திருந்த இடத்தில் பதினாறு பாலடின் (பக்கத்துக்கு எட்டு), எழுபது சாம்பியன் என்று மாற்றினேன். ஆள் கூடியது, சண்டையும் ஒழுங்காக அமைந்தது. குதிரையைக் குறைத்தால் சுலபமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். எழுபது சாம்பியன்கள் நடந்து வருவதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

அடுத்தது சேறு. இந்த ஆட்டத்தில் தரை எப்படி இருந்தாலும் வேகம் ஒன்றுதான், மேடு பள்ளம் மட்டுமே அடியின் பலத்தை மாற்றும். சேற்று நிறத் தரையை அழகாகத் தீட்டிவிட்டு, ‘ஏன் குதிரை வழுக்கவில்லை’ என்று நான் உட்கார்ந்திருந்தேன். நிறம் வெறும் நிறம்தான். வேகத்தை மாற்றும் எஃபெக்டை உழுத வயல் ஏரியாவுக்குப் போட வேண்டும். இதில் இரண்டு குழி உண்டு. எந்த ஆட்டக்காரர் என்று குறிப்பிட மறந்தால் உங்கள் ஆட்களும் தவழ்வார்கள். இன்னொன்று, ஒரு தடவை குறைந்த வேகம் வயலைத் தாண்டினாலும் குறைந்தே இருக்கும். எனக்கு இரண்டாவது பரவாயில்லை என்று பட்டது. கவசத்தோடு சேற்றில் அவ்வளவு தூரம் நடந்தவன், கரையேறியதும் ஓடவா போகிறான்?

கூர்முனைக் கழிகளுக்குப் பதில் பாலிசேட் என்ற மரச்சுவர்தான் கைவசம் இருக்கிறது. அதைக் காட்டிலிருந்து காடு வரை ஒரே வரிசையாக அடைக்காதீர்கள். வழி முழுக்க அடைந்தால் பிரெஞ்சுக்காரர்கள் சுவர் முன்னால் முட்டிக்கொண்டு நிற்பார்கள், வில்லாளிகள் சாவகாசமாகக் கொன்று முடிப்பார்கள், மிஷன் செத்துவிடும். இரண்டு பக்கம் வில்லாளிகளுக்கு முன்னால் மட்டும் சுவர் வையுங்கள். நடுவில் ஹென்றியும் அவருடைய கவசக் கால்வீரர்களும் நிற்கும் இடத்தைத் திறந்து விடுங்கள். எதிரி தானாக அந்த வாய்க்குள் வருவான். அன்று நடந்ததும் அதுவே. நெருக்கித் தள்ளியதில் வாளை ஓங்கக்கூட இடமில்லாமல் போனது.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் பக்கம் 12,000-இல் தொடங்கி 30,000-ஐத் தாண்டியும் கணக்குகள் உண்டு, அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். நமக்கு விகிதம் போதும்: ஆங்கிலப் படையில் கவச வீரன் ஒருவனுக்கு வில்லாளிகள் நாலைந்து பேர். நான் அறுபது வில்லாளி, பன்னிரண்டு கால்வீரர் வைத்தேன். நன்றாக வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்

படைக்கு ஒரு ஆட்டக்காரர், ஊர்களுக்கு இன்னொருவர் என்று பிரித்திருப்பீர்கள். டிப்ளமசி பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் எதிரி என்றுதான் முதலில் இருக்கும். இரண்டு திசையிலும் நட்பாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மற்றவர் அடித்துக்கொண்டே இருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டுகளில் ஆர்மன்யாக், பர்கண்டி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பிரான்ஸ் நிஜமாகவே அடித்துக்கொண்டிருந்தது. பர்கண்டிப் பிரபு ஜான் இந்தப் போருக்கே வரவில்லை. ஆனால் அவர் தம்பிகள் இரண்டு பேர் பிரெஞ்சுப் பக்கம் நின்று இங்கே செத்தார்கள். எடிட்டர் தெரிந்து செய்ததோ என்னவோ.

ரொம்பச் சுலபமாக இருக்கிறது

பன்னிரண்டு கட்ட வீச்சு இருப்பவன் என்ன செய்வான்? அடிப்பான், பின்வாங்குவான், திரும்ப அடிப்பான். மேப் பின்னால் காலியாகக் கிடந்தால் இப்படியே ஒருவர் ஒருவராக இழுத்துப் பிரான்ஸையே முடித்துவிடலாம். எதிரியின் பலத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்த்தேன், எரிச்சல்தான் கூடியது.

பின்வாங்கினால் இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஹென்றியின் பின்னால் சாமான் வண்டிகள் இருந்தன. சண்டையின்போதே ஒரு கூட்டம் சுற்றி வந்து அவற்றைக் கொள்ளையடிக்கவும் செய்தது. நான் ஆறு டிரேட் கார்ட்டை (வணிக வண்டியை) ஆங்கில வரிசைக்குப் பின்னால் நிறுத்தி, அவற்றை நட்பான வேறொரு ஆட்டக்காரருக்குக் கொடுத்தேன். விளையாடுகிறவர் பெயரில் வைத்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆறில் நாலு போனால் தோல்வி. அதன்பிறகு ஒருவரும் மேப்பின் அடிவரை ஓடவில்லை. காட்டோர வழியில் எட்டுக் குதிரை வீரர்கள் சுற்றி வரும் ட்ரிகர் ஒன்றும் சேர்த்தேன். அவர்களை எல்லாம் ஒரே கட்டத்தில் உருவாக்கச் சொல்லாதீர்கள், ஒருவர்தான் வருவார். ஆளுக்கொரு கட்டம், அதுவும் மரம் இல்லாத கட்டம்.

ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது

லூப் பொத்தான் போட்டபடி இருக்கிறது. அணையுங்கள். செய்தி படிப்பதற்குள் மறைகிறதா? டெஃபினிடிவ் எடிஷனின் சாதாரண வேகமே நிஜ நேரத்தைவிட 1.7 மடங்கு. டைமரில் நீங்கள் எழுதும் 300 விநாடி கடிகாரத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதை மனதில் வைத்து எண்களைக் கூட்டிப் போடுங்கள்.

கைதிகள் எனக்காகச் சண்டை போடுகிறார்கள்

சரணடைந்த பிரெஞ்சு வீரர்களை சேஞ்ச் ஓனர்ஷிப்பால் ஆங்கிலேயருக்கு மாற்றினால், விளையாடுகிறவர் கையில் இலவசச் சாம்பியன்கள்தான் கிடைக்கும். சாமான் வண்டிகளை வைத்திருக்கும் நட்பான அந்த ஆட்டக்காரருக்கே மாற்றி, ஸ்டான்ஸை ‘தாக்காதே’ என்று வையுங்கள்.

அன்று கைதிகளைக் கொல்லச் சொல்லி ஹென்றி உத்தரவு போட்டார். திரும்பவும் தாக்குதல் வருகிறது, பின்னால் இத்தனை கைதிகள் இருக்கிறார்களே என்ற பயம் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதை மிஷனில் ஒரு இலக்காக வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். முடிவுத் திரையில் இரண்டு வரியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கொலைக்குத் தப்பிய கைதிகளில் ஒருவரான ஓர்லியான் பிரபு சார்ல்ஸ் 1440 வரை, 25 ஆண்டு இங்கிலாந்தில் சிறையிருந்தார் என்பதும் அதில் உண்டு. பட்டனை அழுத்திச் செய்யவைப்பதைவிட இது கனமாக இருக்கிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

கலே வந்தும் வெற்றி வரவில்லை

போரில் ஜெயித்ததும் மிஷனை முடிக்காமல், ஹென்றி கலே போய்ச் சேர்ந்தால்தான் முடியும் என்று வைத்திருந்தேன். அவர் நிஜத்தில் 29-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். என் ஹென்றி துறைமுகத்திலேயே நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிரிங் ஆப்ஜெக்ட் டு ஏரியாவில் நான் வரைந்த ஏரியா ஒரே ஒரு கட்டம். அதன்மேல் பீப்பாய் அலங்காரம் வேறு. ஐந்துக்கு ஐந்து கட்டமாக விரித்ததும் சரியானது.

அப்படியும் அக்கா மகனுக்கு மட்டும் வெற்றி வரவில்லை. போய்ப் பார்த்தால், துறைமுகத்தில் நின்ற கப்பலில் ராஜாவை ஏற்றி வைத்திருக்கிறான். கப்பலுக்குள் இருப்பவரை ஏரியாவில் இருப்பவராக ட்ரிகர் எண்ணாது. “இங்கிலாந்துக்குத்தானே மாமா போகணும்?” என்கிறான். கப்பலை எடுத்துவிட்டேன்.